நீலக் கோட்டுக்குக் கீழே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் தம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். வரட்டுமே. எழுத்தைக் கொண்டுபோய் ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டுகிறவர்களைப் பார்த்துக் கோபம் வராவிட்டால் அந்த மூக்கு எதற்கு?

நான் வேலை பார்ப்பது ஒரு குளிர்கிடங்கில். பழங்கள் கூடை கூடையாக வந்து இறங்கி, குளிர் அறைகளில் படுத்து உறங்கி, சீசன் முடிந்த பிறகு கண் விழிக்கிற இடம். மேல்தளத்தில் ஆபீஸ். அதில் பிரிண்டருக்குப் பக்கத்து அறை என்னுடையது. கூட்டங்களுக்கு ஸ்லைடு செய்து கொடுப்பதும், கூட்டத்தன்று புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் அதை ஓட்டுவதும் என் வேலை. "எங்க அக்கா ஆபீசுல படம் காட்டுது" என்பான் தம்பி. அவன் அதே கிடங்கில், கீழ்க்குளிர் அறையில் கூடை அடுக்குகிறான். அவன் வாய்க்குப் பூட்டுப் போட இதுவரை யாரும் பிறக்கவில்லை.

படம் காட்டுவது லேசு என்று நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது ஸ்லைடின் நான்கு மூலையும் பத்திரமாக இருக்கும். அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனால் வேறு கதை. திரையின் சட்டம் கொஞ்சம் விழுங்கும், புரொஜெக்டர் கொஞ்சம் கடிக்கும், மிச்சத்தை முன்வரிசைத் தலைகள் மறைக்கும். அதனால் சுற்றிலும் இடம் விட வேண்டும். எவ்வளவு விடுவது என்பது கூடத்துக்குக் கூடம் மாறும். நான் ஒரு சோதனை ஸ்லைடு வைத்திருக்கிறேன்: கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். அதைத் திரையில் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, எந்த எண்ணெல்லாம் காணாமல் போகிறது என்று பார்ப்பேன். இதற்காகவே ஆபீசில் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைப்பு.

நான் பார்த்த கூடங்களிலேயே மோசமானது எங்கள் கேன்டீன். எல்லாத் தொழிலாளர்களும் கூடுகிற அளவுக்கு இடம் உள்ளது அது ஒன்றுதான். ஆனால் எந்த மகானுபாவனோ திரையைச் சாப்பாடு போடுகிற ஸ்டீல் கவுண்டருக்குப் பின்னால் சுவரில் அறைந்து வைத்துவிட்டான். படத்தைச் சிறிதாக்கினால் கடைசி வரிசைக்கு எழுத்து எறும்பாகிவிடும். திரை முழுக்கப் பெரிதாக்கினால் அடிப்பாகம் கவுண்டரின் மேல் விழுந்து ஸ்டீல் பளபளப்பில் கரைந்துவிடும். திரைக்கு மேலே வெள்ளை அடித்த உத்தரம், அதனால் திரையை உயர்த்தவும் வழியில்லை. எனவே கேன்டீன் கூட்டம் என்றால் ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் மெல்லிசாக ஒரு நீலக் கோடு இழுப்பேன். கவுண்டருக்கு மேலே கடைசியாகக் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோடுதான். அதற்குக் கீழே நான் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதை நினைத்தாலே இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த மாதம் தம்பி தினமும் கண் சிவந்து வீட்டுக்கு வந்தான். கேட்டால், "உள்ள ஒரு மாதிரி நெடி வருதுக்கா. கண்ணு எரியுது, அவ்வளவுதான்" என்றான். அவ்வளவுதானாம். குளிர் அறைக் குழாய்களில் ஓடுவது தண்ணீர் இல்லை, அம்மோனியா. கூடிய அளவில் வெளியே வந்தால் கண்ணோடு நிற்காது, மூச்சை அடைக்கும்.

அதே மாதத்தில் வெளியிலிருந்து பாதுகாப்புப் பரிசோதகர் வந்தார். அதிகம் பேசாதவர். குழாய் குழாயாகத் தடவிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: 'கீழ்க்குளிர் அறையின் வால்வு மாற்றப்படும் வரை, கதவை மூடிக்கொண்டு உள்ளே யாரும் வேலை செய்யக் கூடாது.' இதைத் தொழிலாளர் கூட்டத்தில் திரையில் காட்ட வேண்டும், காட்டிய ஸ்லைடு ஃபைலைத் தனக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மேனேஜருக்கு அது எட்டிக்காயாகக் கசந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது. வாசலில் லாரி லாரியாகப் பழம். கதவைத் திறந்து வைத்தால் குளிர் நிற்காது, மூடினால் ஆள் போகக் கூடாது. இந்த மேனேஜரைக் கீழே எல்லோரும் 'பல்லு' என்பார்கள். அவர் வருவதற்கு முன்னால் அவர் சிரிப்பு வந்து நிற்கும். லீவு கொடுத்தாலும் அதே சிரிப்பு, இல்லையென்றாலும் அதே சிரிப்பு. இப்போதும் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்கு நாள் குறித்தார். சீசன் முடியும் வரை நிறுத்தாமல் வேலை செய்ய ஆட்சேபணை இல்லை என்று எல்லோரும் கை தூக்க வேண்டும், அதை போட்டோ எடுத்து வைக்க வேண்டும், வால்வைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அவர் கணக்கு அது.

ஸ்லைடு செய்யச் சொல்லி எல்லாக் காகிதமும் என்னிடம் வந்தது. பரிசோதகரின் வரியை எடுத்து ஒரு ஸ்லைடின் நட்ட நடுவில், கடைசி வரிசைக்கும் தெரிகிற பெரிய எழுத்தில் போட்டேன். மேனேஜர் வந்து அதைப் பார்த்தார். வழக்கம்போல் ஸ்கேலைக் கிண்டல் செய்யத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த நீலக் கோடு எதுக்கும்மா?"

எத்தனையோ காலமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். கேட்டவுடன் உச்சி குளிர்ந்துவிட்டது. திரை, கவுண்டர், கட்டம், எண் எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாகச் சொன்னேன். "இதுக்குக் கீழ எது போட்டாலும் கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாது சார். அதனால அங்க எதுவும் போடக் கூடாது."

"ஒரு எழுத்துகூடத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"எங்க உக்காந்தாலும்?"

"எங்க உக்காந்தாலும்."

"பரவாயில்லயே, இவ்வளவு விஷயம் இருக்கா இதுல" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார். கடைசியில் ஒரு மனுஷனுக்காவது புரிந்ததே என்று நான் பூரித்துப்போனேன்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். பின்னாலேயே போய் நின்று, பரிசோதகர் எழுதியதைச் சொன்னேன். கதவை மூடிக்கொண்டு உள்ளே போகாதே என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்டா. காகிதத்த என் கையில வெச்சுப் படிச்சேன்."

"நீ சொல்றது வீட்டுப் பேச்சுக்கா. நான் போய் எங்க ஆளுங்ககிட்ட 'எங்க அக்கா சொல்லிச்சு'ன்னா சிரிப்பானுங்க. போன வருசம் இப்படித்தான் யாரோ கிளப்பிவிட்டான்னு எல்லாரும் வெளிய வந்தோம், கடைசியில ஒண்ணுமில்ல. ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம்."

"அப்ப யாரு சொன்னா கேப்பீங்க?"

"கம்பெனி சொல்லட்டும். கம்பெனி பேரோட திரையில வரட்டும். எல்லாரும் வெளிய வந்துருவோம்."

"வரும்டா. நடுவுல, பெரிய எழுத்துல வரும். நானே போட்டிருக்கேன்."

"வந்தாப் பாத்துக்கலாம்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரையில் வந்தால் போதும், அத்தனை பேரும் பிழைத்துக்கொள்வார்கள். வராவிட்டால் கையைத் தூக்கிவிட்டு, கதவை மூடிக்கொண்டு உள்ளே போவார்கள். அவனும் போவான்.

கூட்டத்தன்று காலையில் நான் கேன்டீனில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து ஒரு பென் டிரைவை நீட்டினார். "சின்னச் சின்னத் திருத்தம்மா. இதையே ஓட்டிடு." திறந்து பார்க்கலாம் என்றால் அதற்குள் கூட்டம் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. கனத்த குளிர்ச்சட்டைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாற்காலிகளைத் தரையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேக்கிங் பகுதிப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்தார்கள். தம்பி நடுவில் அவன் கூட்டாளிகளோடு இருந்தான். என்னைப் பார்த்து, 'எங்கே உன் பெரிய எழுத்து?' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். பொறு என்று கையைக் காட்டினேன்.

நான் கூடத்தின் நடுவழியில் ஒரு மேசை போட்டு, புரொஜெக்டரையும் லேப்டாப்பையும் வைத்து உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் கவுண்டருக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். நாம் ஒரு குடும்பம் என்றார். குடும்பம் என்று ஒரு மேனேஜர் சொன்னால் யாருக்கோ ஆப்பு இருக்கிறது என்று அர்த்தம். நான் ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளினேன்.

அந்த ஸ்லைடு வந்தது.

நடுவில் என் வரி இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று பழக்கூடைகளின் போட்டோ. மேலே கம்பெனி முத்திரை, 'சீசனை ஒன்றாக எதிர்கொள்வோம்' என்று தலைப்பு. கீழே என் நீலக் கோடு. அவ்வளவுதான் திரையில். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கிண்டல்கூட இல்லை. இவளுக்கு வேறு வேலை இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே லேப்டாப்பைக் குனிந்து பார்த்தேன்.

எடுக்கவில்லை. வரி இருந்தது. நீலக் கோட்டுக்குக் கீழே.

கொழுத்த கறுப்பு எழுத்தில், இரண்டு வரியாக மடித்து, நான் காலியாக விட்ட இடத்தில் குடிவைத்திருந்தார்கள். லேப்டாப்பில் அது முழுசாகத் தெரிந்தது. கூடத்தில் ஸ்டீல் கவுண்டரின் மேல் விழுந்து, அதன் பளபளப்பில் கரைந்துபோயிருந்தது. அந்தக் கூடம் முழுக்க அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

விவரம் தெரியாதவர்கள் ஓரத்தில் எழுத்துப் போட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தெரியாமல் போட்டால் அது கோணல் மாணலாக விழும். கோட்டின் மேல் ஏறும், பாதித் தலை தெரியும், கால் மட்டும் மறையும். இது அப்படி விழவில்லை. முதல் எழுத்தின் உச்சி என் கோட்டுக்கு மயிரிழை கீழே தொடங்கியது. கடைசி எழுத்துவரை ஒரே சீர். கோடு எதற்கு என்று தெரிந்த கைதான் இப்படி வைக்கும். கோடு எதற்கு என்று அந்த ஆபீசில் ஒரே ஒருவருக்குத்தான் நான் சொல்லியிருந்தேன்.

பரிசோதகர் ஃபைலைத் திறந்தால் வரி இருக்கும். காட்டினீர்களா என்றால் காட்டினோம் என்பார்கள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், சொல்லித்தான் கை தூக்க வைத்தோம் என்று போட்டோவை நீட்டுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். மறைக்கிற சோற்றை வடித்துக் கொடுத்தது நானா? யாருக்கும் எதுவும் மறைந்துபோகக் கூடாது என்று கூடம் கூடமாகப் போய்க் கட்டம் எண்ணினேனே, அந்த வித்தையை எடுத்து என் தம்பி கழுத்துக்கே கத்தியாக வைத்தார்களே.

"எல்லா விவரமும் திரையில போட்டிருக்கோம்" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். "நமக்குள்ள ஒளிவு மறைவு கிடையாது. சீசன் முடியிற வரைக்கும் இதே மாதிரி வேலை பாக்க ஆட்சேபணை இல்லாதவங்க கை தூக்குங்க. போட்டோ எடுத்துக்கலாம்."

அங்கங்கே கைகள் எழுந்தன. தம்பியின் பக்கத்திலிருந்தவன் தூக்கினான். தம்பி இன்னொரு தடவை திரையைப் பார்த்தான். பிறகு அவன் கையும் மெல்ல மேலே போனது.

எழுந்து கத்தலாம் என்று வாய்வரை வந்தது. கத்தினால் என்ன ஆகும்? அது வீட்டுப் பேச்சு. ஸ்கேலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரிப்பார்கள்.

மேசையடியில் என் சாப்பாட்டு டப்பா இருந்தது. எடுத்தேன். புரொஜெக்டரின் மூக்கை ஒரு கையால் தூக்கி, டப்பாவை அதன் முன்காலுக்கு அடியில் தள்ளினேன்.

படம் முழுக்கச் சுவரில் மேலே ஏறியது. கம்பெனி முத்திரை திரையைத் தாண்டி உத்தரத்தில் போய் மடிந்து ஒட்டிக்கொண்டது. தலைப்பு அதன் பின்னாலேயே போனது. பழக்கூடைகள் எழும்பின. நீலக் கோடு கவுண்டரை விட்டு மேலே வந்தது. அதற்குக் கீழே, ஸ்டீல் பளபளப்பிலிருந்து விடுபட்டு, கறுப்பு எழுத்து முழுசாக எழுந்து நின்றது.

மேனேஜருக்கு எதுவும் தெரியவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் உயரமா தூக்குங்க, எல்லா முகமும் தெரியட்டும்."

முன்வரிசையில் பேக்கிங் பெண் ஒருத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். "கீழ்க்குளிர் அறையின்... வால்வு மாற்றப்படும் வரை..." அவளுக்குப் பின்னாலிருந்தவன் அவளை முந்திக்கொண்டு மிச்சத்தைப் படித்தான். கடைசி வரிசையிலிருந்து, "என்ன, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். வாய்க்கு வாய் அது பின்னால் போனது. அது போகப் போகக் கைகள் இறங்கின.

தம்பி எழுந்து நின்றான். தூக்கிய கையை அவன் இறக்கவே இல்லை, அதையே திரையைப் பார்த்து நீட்டினான்.

"சார், கீழ ஒரு வரி வருது. அத நீங்க கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

மேனேஜர் திரும்பினார். முதுகை மட்டும்தான் நான் பார்த்தேன். அந்த முதுகே போதுமாக இருந்தது. "ஏம்மா, படம் மேல போயிருச்சு பாரு. இறக்கு" என்றார்.

"இப்பதான் சார் சரியா இருக்கு."

"அதுல ஏதோ தப்பா..."

"நான் எதுவும் சேக்கல சார். காலையில நீங்க குடுத்த ஃபைல்தான். நீங்க போட்ட எழுத்துதான்."

இல்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அவருடைய ஸ்லைடு, அவருடைய வரி, இப்போதுதான் எல்லா விவரமும் திரையில் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். "படிங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு நிறையக் குரல்கள். அவர் படித்தார். 'யாரும் வேலை செய்ய' என்பதுவரை வந்து இருமினார். "மீதியும் படிங்க" என்றான் தம்பி. "கூடாது" என்று அவர் முடித்தார்.

யாரும் கூச்சல் போடவில்லை. நாற்காலிகள்தான் பெரிதாகத் தரையில் தேய்ந்தன. இடுப்பில் கட்டியிருந்த குளிர்ச்சட்டைகளை அவிழ்த்து, ஒவ்வொருவராகக் கவுண்டரின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். சட்டை இல்லாமல் அந்த அறைக்குள் யாரையும் அனுப்ப முடியாது. குவியல் உயர்ந்துகொண்டே போய்த் திரையையே தொட்டது. தம்பி என் மேசைப் பக்கமாக வந்தான். சிவந்த கண்ணோடு புரொஜெக்டரின் அடியில் பார்த்தான். "டப்பா நசுங்கிருச்சுக்கா" என்றான். நன்றி சொல்வானா அவன். எனக்கு அவன்மேலும் கோபம் தீரவில்லை. நான் வாயால் சொன்னபோது நம்பாதவனுக்கு, கம்பெனி எழுத்தில் பார்த்தால்தான் உயிர் உயிராகத் தெரிகிறது.

கூடம் காலியான பிறகு மேனேஜர் என்னிடம் வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் பல்லை நான் பார்க்கவில்லை. உதடு மூடியிருந்தால் அவருக்கு இப்படி ஒரு முகமா என்று இருந்தது.

"அந்தக் கோட்டுக்குக் கீழ போட்டா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா சார்" என்றேன். "அதனாலதான் அங்க எதுவும் போடக் கூடாதுன்னும் சொன்னேன்."

நான் ஒயரைச் சுருட்டினேன். பிறகு டப்பாவை உருவி எடுத்து, அங்கேயே உட்கார்ந்து திறந்து, சாப்பிட ஆரம்பித்தேன்.